தொட்டால் விழ வேண்டும்: இணையப் படிவத்தில் பட்டன் வைப்பது எப்படி?

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கண் பரிசோதனை முகாம் நடந்தது. வருகிறவர்களின் விவரத்தைத் தாளில் எழுதி, அப்புறம் ராத்திரி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டாம், போனிலேயே பதிவு செய்துவிடலாம் என்று ஒரு சின்ன இணையப் படிவம் செய்து கொடுத்தேன். பெயர், வயது, போன் நம்பர், சர்க்கரை நோய் உண்டா, எந்தக் கண்ணில் குறை. அவ்வளவுதான். கடைசிக் கேள்விக்கு ஒரே வரிசையில் மூன்று சின்ன வட்டங்கள்: வலது, இடது, இரண்டும். என் லேப்டாப்பில் பார்க்க நன்றாகவே இருந்தது.

முகாம் அன்று வாசலில் பதிவு செய்தவர்கள் பிளஸ் டூ பிள்ளைகள் சிலரும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும். ஐயா ஒரு கையால் ஒரு பாட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, போன் இருந்த கையின் கட்டை விரலாலேயே படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். இடது கண்ணில் புரை என்று பாட்டி சொன்னார். ஐயா தொட்டார். வலது என்று பதிவானது. மறுபடி தொட்டார். எதுவும் ஆகவில்லை. மூன்றாவது முறைதான் சரியாக விழுந்தது. "என் விரல் கொஞ்சம் தடிமன், தம்பி" என்றார் என்னிடம், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

டாக்டர் எப்படியும் இரண்டு கண்ணையும் பார்ப்பார் என்பதால் அன்று ஆபத்து எதுவும் நேரவில்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்கு உறுத்தியது. நாற்பது வருடம் கரும்பலகையில் எழுதிய கை அது. அதில் ஒரு குறையும் கிடையாது. நான் வைத்த வட்டம்தான் சிறியது.

சாயங்காலம் அளந்து பார்த்தேன். பிரவுசர் தானாகப் போட்டுத் தரும் ரேடியோ வட்டம், அதாவது பலவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் வட்டம், பெரும்பாலும் 13 பிக்சல் அகலம். இங்கே பிக்சல் என்பது திரையில் மின்னும் ஒவ்வொரு புள்ளியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இணையப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி சிஎஸ்எஸ். அதில் நாம் எழுதும் சிஎஸ்எஸ் பிக்சல் ஒரு கணக்கு அலகு. பல போன்களின் திரை அகலம் அந்தக் கணக்கில் 360 பிக்சல் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். கையில் பிடித்துப் பார்த்தால் அது ஆறரை, ஏழு சென்டிமீட்டர். அப்படியானால் 13 பிக்சல் வட்டம் போனில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர்தான் வரும். கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. அதைத்தான் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் அகலமான கட்டை விரலால் குறிபார்த்துத் தொடச் சொல்லியிருந்தேன்.

ஊசியில் நூல் கோப்பது மாதிரி

ஊசியில் நூல் கோக்கும்போது கவனித்திருப்பீர்கள். நூலை ஊசிக்குப் பக்கத்தில் கொண்டு போக ஒரு நொடிகூட ஆகாது. கடைசிக் கால் அங்குலத்தில்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரம் செலவாகிறது. அதே நூலை ஒரு டம்ளருக்குள் போடச் சொன்னால் பார்க்காமலே போட்டுவிடலாம். தூரம் ஒன்றுதான், கை ஒன்றுதான். போய்ச் சேர வேண்டிய இடம் எவ்வளவு பெரியது என்பதில்தான் வித்தியாசம்.

இதை முறையாக அளந்து காட்டியவர் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். 1954-இல் அவர் வெளியிட்ட சோதனை மிக எளிமையானது. மேசை மேல் இரண்டு உலோகத் தகடுகள். கையில் ஒரு குச்சி. இந்தத் தகட்டை ஒரு தட்டு, அந்தத் தகட்டை ஒரு தட்டு என்று மாற்றி மாற்றி முடிந்த வேகத்தில் தட்ட வேண்டும், தகட்டுக்கு வெளியே பட்டுவிடக் கூடாது. தகட்டின் அகலத்தை 2 அங்குலத்திலிருந்து கால் அங்குலம் வரை குறைத்தார். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை 2 அங்குலத்திலிருந்து 16 அங்குலம் வரை கூட்டினார். ஒவ்வொரு ஜோடிக்கும் எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்.

தூரம் கூடினாலும் நேரம் கூடுகிறது, அகலம் குறைந்தாலும் நேரம் கூடுகிறது என்பது யாருக்கும் தெரிந்ததுதான். அவர் கண்டது அதற்கு மேல் ஒரு படி. தூரத்தை இரண்டு மடங்காக்கினால் கூடும் நேரமும், அகலத்தைப் பாதியாக்கினால் கூடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. தூரத்தையும் அகலத்தையும் சேர்த்தே இரண்டு மடங்காக்கினால் கஷ்டம் மாறுவதில்லை. இதைத்தான் ஃபிட்ஸ் விதி என்கிறார்கள். அவர் இதைச் செய்தபோது வீட்டுக் கம்ப்யூட்டரும் கிடையாது, மவுஸும் கிடையாது. 1978-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் கார்டு, வில்லியம் இங்கிலிஷ், பெட்டி பர் மூவரும் மவுஸையும் ஜாய்ஸ்டிக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மவுஸ் பிடித்த கையும் அதே விதிக்குக் கட்டுப்படுகிறது என்று தெரிந்தது.

படிவம் செய்கிறவருக்கு இந்த விதியிலிருந்து கிடைக்கும் மிக உபயோகமான செய்தி ஒன்று உண்டு. ஏற்கெனவே பெரிதாக இருக்கும் பட்டனோடு இன்னும் 10 பிக்சல் சேர்த்தால் பெரிய லாபம் இல்லை. 13 பிக்சல் வட்டத்தோடு அதே 10 பிக்சல் சேர்த்தால் அள்ளிக்கொடுக்கும். அதனால் உங்கள் படிவத்தில் திருத்தம் செய்ய நேரம் குறைவாக இருந்தால், ஏற்கெனவே பளிச்சென்று தெரிகிற அந்தப் பெரிய பச்சைப் பட்டனை விடுங்கள். மிகச் சின்னதாக ஒரு மூலையில் கிடப்பது எதுவோ, அதை முதலில் கவனியுங்கள். தேதிப் பெட்டிக்குப் பக்கத்தில் நாட்காட்டிப் படம், பாஸ்வேர்டைக் காட்டும் கண் படம், மேல்மூலையில் மூடுவதற்கான பெருக்கல் குறி எல்லாம் இந்த வகைதான்.

எத்தனை பிக்சல் போதும்?

போனில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. மவுஸ் அம்பு போகிற இடம் கண்ணுக்குத் தெரியும். விரல் தான் தொடப்போகிற இடத்தையே மறைத்துக்கொண்டு இறங்குகிறது. அதோடு விரல் படுவது ஒரு பரப்பில். போன் அந்தப் பரப்பை ஒரே ஒரு புள்ளியாகச் சுருக்கி எடுத்துக்கொள்கிறது. அந்தப் புள்ளி நாம் நினைத்த இடத்துக்குச் சற்றே தள்ளி விழலாம். ஐயாவின் முதல் தொடுதல் வலதில் விழுந்ததும், இரண்டாவது எதிலும் படாமல் போனதும் இப்படித்தான்.

2006-இல் பெக்கா பர்ஹி, ஏமி கார்ல்சன், பெஞ்சமின் பெடர்சன் ஆகியோர் ஒரே கையால் பிடித்துக் கட்டை விரலால் தொடுபவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். தனியாக ஒரு முறை தொட வேண்டிய பட்டனுக்கு 9.2 மில்லிமீட்டரும், எண்களை அடிப்பது போலத் தொடர்ந்து தொட வேண்டியவற்றுக்கு 9.6 மில்லிமீட்டரும் இருந்தால் போதும் என்று சொன்னார்கள். கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிகளும் தர அமைப்புகளும் தருகிற எண்கள் இதையொட்டித்தான் இருக்கின்றன. ஆப்பிள் தன் வழிகாட்டியில் 44-க்கு 44 பாயின்ட் (ஐபோனின் கணக்கு அலகு) என்கிறது. கூகுளின் மெட்டீரியல் டிசைன் என்ற வழிகாட்டி 48-க்கு 48 டிபி (ஆண்ட்ராய்டின் கணக்கு அலகு) என்கிறது, கையில் அது சுமார் 9 மில்லிமீட்டர். இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த ஏற்றவையாக ஆக்குவதற்கு டபிள்யூ3சி அமைப்பு வெளியிடும் டபிள்யூசிஏஜி நெறிமுறையில் இரண்டு எண்கள் உள்ளன. 2018-இல் வந்த 2.1 பதிப்பில், மிக உயர்ந்த படிநிலைக்கு 44-க்கு 44 சிஎஸ்எஸ் பிக்சல். 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பில், நடுப் படிநிலைக்கே குறைந்தபட்சம் 24-க்கு 24. அதைவிடச் சிறிய பட்டன் வைக்க நேர்ந்தால், அதன் நடுவில் 24 பிக்சல் விட்டமுள்ள ஒரு வட்டம் வரைந்தது போலக் கற்பனை செய்ய வேண்டும். அந்த வட்டம் பக்கத்துப் பட்டன் மேலோ, அதுவும் சிறியதாக இருந்தால் அதன் வட்டத்தின் மேலோ ஏறாமல் இருந்தால் சரி.

இதில் ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். பிரவுசர் தானாகத் தரும் அளவை நீங்கள் மாற்றாமல் அப்படியே விட்டிருந்தால், அது சின்னதாக இருந்தாலும் 24 விதியை மீறியதாகக் கணக்கில்லை. அதாவது நான் முகாமுக்குக் கொடுத்த 13 பிக்சல் வட்டம் அளவைப் பொறுத்தவரை விதிப்படி தேறிவிடும்! பாட்டி பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அது தேறவில்லை. 24 என்பது இதற்குக் கீழே போகாதே என்கிற எல்லைக்கோடு. போனில் நிரப்பப்போகும் படிவம் என்றால் 44-ஐயோ 48-ஐயோ எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் கருத்து.

கண்ணுக்குத் தெரிவதும் விரலுக்குக் கிடைப்பதும்

புதிதாகப் படிவம் செய்கிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். திரையில் தெரியும் பட்டன் ஒரு படம். அதற்குப் பின்னால், தொட்டால் வேலை செய்கிற பகுதி என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. பச்சை நிறத்தில் அகலமாக ஒரு பெட்டி, அதன் நடுவே 'அனுப்பு' என்ற சொல். பெட்டியில் எங்கே தொட்டாலும் போகும் என்று கண் நம்புகிறது. ஆனால் செய்தவர் வெறும் பெட்டிக்கு நிறம் பூசி, உள்ளே இருக்கும் சொல்லுக்கு மட்டும் இணைப்புக் கொடுத்திருப்பார். சொல்லின் மேல் பட்டால் வேலை செய்யும், பச்சையில் பட்டால் ஒன்றும் நடக்காது. பயன்படுத்துகிறவர் நெட் மெதுவாக இருக்கிறது போல என்று காத்திருப்பார்.

இதற்கு மருந்து சுலபம். நிறம், ஓரக்கோடு, உள் இடைவெளி எல்லாவற்றையும் வெளிப்பெட்டிக்குக் கொடுக்காமல் அந்தப் பட்டனுக்கே கொடுங்கள். சிஎஸ்எஸ்ஸில் பேடிங், மார்ஜின் என்று இரண்டு உண்டு, ஆரம்பத்தில் எல்லோரையும் குழப்பும். பேடிங் என்பது வீட்டுக்குச் சொந்தமான திண்ணை. மார்ஜின் என்பது இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சந்து. திண்ணையில் கால் வைத்தாலும் அந்த வீட்டுக்கு வந்தது போலத்தான். அதனால் பேடிங் மேல் தொட்டால் பட்டன் வேலை செய்யும். சந்தில் தொட்டால் யாருக்கும் கேட்காது. பட்டனைப் பெரிதாக்கப் பேடிங், பக்கத்துப் பட்டனோடு மோதாமல் இருக்க மார்ஜின். இரண்டும் வேண்டும், இடம் மாறிவிடக் கூடாது.

திரையில் சின்னதாகவே தெரிய வேண்டும் என்று நினைக்கும் படங்களுக்கும் இதே வழிதான். பாஸ்வேர்டைக் காட்டும் கண் படம் 20 பிக்சலாகவே இருக்கட்டும். சுற்றிலும் 12 பிக்சல் பேடிங் கொடுத்தால் தொடும் பகுதி 44 ஆகிவிடும். அழகு கெடவில்லை, விரலுக்கும் இடம் கிடைத்தது.

ரேடியோ வட்டத்துக்கும் டிக் போடும் செக்பாக்ஸுக்கும் இதைவிடச் சுலபமான வழி உண்டு. ஒரு ரூபாய் செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் என்று இதைத்தான் சொல்வேன். இணையப் பக்கத்தின் உறுப்புகளை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் லேபிள் என்று ஒரு குறி இருக்கிறது. 'இடது கண்' என்ற சொற்களை அந்தக் குறிக்குள் வைத்து, அது எந்த வட்டத்துக்கு உரியது என்று இணைத்துவிட்டால், சொல்லைத் தொட்டாலும் வட்டம் தேர்வாகிவிடும். இணைக்க இரண்டு வழி. வட்டத்துக்கு ஓர் ஐடி கொடுத்து, லேபிளின் ஃபார் பண்பில் அதே ஐடியை எழுதலாம். அல்லது வட்டத்தையும் சொல்லையும் சேர்த்தே லேபிளுக்குள் வைத்துவிடலாம். நான் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்வேன். முதல் வழியில் வட்டத்துக்கும் சொல்லுக்கும் நடுவே தொட்டால் எதுவும் நடக்காத ஒரு சின்னப் பள்ளம் விழ வாய்ப்புண்டு, விரல் சரியாக அங்கேதான் போய் இறங்கும். இரண்டாவது வழியில் லேபிளை முழு வரி அகலத்துக்கு விரித்து, மேலும் கீழும் பேடிங் கொடுத்து, 48 பிக்சல் உயரம் ஆக்கிவிட்டால் அந்த வரியே ஒரு பட்டன். சுற்றி மெல்லிய கோடும் போட்டுவிட்டால் எங்கே தொடலாம் என்று கண்ணுக்கும் தெரியும்.

கண் தெரியாதவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருளும் இந்த லேபிளைப் பார்த்துத்தான் 'இடது கண்' என்று வாசிக்கிறது. லேபிள் இல்லையென்றால் வெறும் 'ரேடியோ பட்டன்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். ஒரு கண் முகாமின் படிவத்தில் அதை நான் விட்டிருந்தேன் என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

எந்த வட்டம் எந்தச் சொல்லுக்கு?

அளவு சரியாக இருந்தாலும் தவறு நடக்க இன்னொரு வழி இருக்கிறது. என் படிவத்தில் மூன்று வட்டங்களும் ஒரே வரிசையில் இருந்தன என்று சொன்னேன் அல்லவா? வட்டம், வலது, வட்டம், இடது, வட்டம், இரண்டும். எல்லாவற்றுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி. இப்போது 'இடது' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு வட்டம், பின்னால் ஒரு வட்டம். எது அதனுடையது? செய்த எனக்குத் தெரியும். வரிசையின் நடுவில் முதல்முறை கண்ணை வைக்கிறவருக்குத் தெரியாது.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் ஒரு வாக்குச் சீட்டு கொடுத்தார்கள். வேட்பாளர் பெயர்கள் இடது பக்கமும் வலது பக்கமும் இருந்தன, துளையிட வேண்டிய புள்ளிகள் நடுவில் ஒரே வரிசையாக. இடது பக்கப் பட்டியலில் புஷ் முதலாவது, அல் கோர் இரண்டாவது. நடுவரிசையில் இரண்டாவது துளையோ வலது பக்கத்தில் இருந்த பேட் புக்கானனுக்கு உரியது, கோருக்கு மூன்றாவது. தாங்கள் தவறான துளையில் குத்திவிட்டதாகப் பல வாக்காளர்கள் புகார் சொன்னார்கள். அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு விழுந்த வாக்குகள் சுமார் 3,400. அந்த மாநிலத்தில் புஷ் வென்ற வித்தியாசம் 537 வாக்குகள். காகிதத்தில் நடந்ததுதான், ஆனால் படிவம் செய்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது என்று நினைக்கிறேன். அங்கே துளைகள் தெளிவாகவே இருந்தன. எது யாருக்கு என்பதுதான் தெளிவாக இல்லை.

தேர்வுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள். ஒரு வரிக்கு ஒரு வட்டம், பக்கத்திலேயே அதன் சொல். பக்கம் நீண்டுபோகிறதே என்று கவலை வேண்டாம். விரலால் தள்ளுவது குறிபார்த்துத் தொடுவதைவிட எளிது.

அனுப்பு பட்டனும் அதன் பக்கத்து வீடும்

எச்டிஎம்எல்லில் ஆரம்ப காலத்திலிருந்தே ரீசெட் என்று ஒரு பட்டன் உண்டு. தொட்டால் நிரப்பியதெல்லாம் அழிந்து படிவம் பழைய நிலைக்குப் போய்விடும். பல படிவங்களில் இது அனுப்பு பட்டனை ஒட்டியே, அதே அளவில், அதே நிறத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கம் பொறுமையாக நிரப்பிய ஒருவர் கடைசியில் விரல் சற்று தவறியதால் எல்லாவற்றையும் இழப்பது மிகக் கொடுமை. படிவத்தை மொத்தமாக அழிக்க வேண்டும் என்று யாராவது விரும்பி நான் பார்த்ததில்லை. பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே ரீசெட்டை எடுத்துவிடச் சொல்லி எழுதிவிட்டார். தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

ரத்து போன்ற இரண்டாவது பட்டன் கட்டாயம் வேண்டும் என்றால் அதைத் தள்ளி வையுங்கள், நிறம் பூசாமல் வெறும் கோட்டோடு விடுங்கள். ஃபிட்ஸ் விதியை இங்கே தலைகீழாகப் பயன்படுத்துகிறோம். எளிதில் தொடக் கூடாததைத் தூரத்தில் வைப்பதும் வடிவமைப்புதான். அனுப்பு பட்டன் மட்டும் கடைசிக் கேள்விக்கு நேர் கீழே, போனில் என்றால் முழு அகலத்துக்கு இருக்கட்டும். வலது கைக்காரருக்கும் இடது கைக்காரருக்கும் அப்போது ஒரே தூரம்தான். ஸ்டீவன் ஹூபர் என்பவர் 2013-இல் தெருவிலும் பேருந்திலும் 1,333 பேர் போனை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று கவனித்துக் குறித்தார். அவர்களில் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் பேர் ஒற்றைக் கையால்தான் பிடித்திருந்தார்கள். எங்கள் ஐயாவும் அப்படித்தான் பிடித்திருந்தார்.

எல்லாக் கேள்வியும் நிரப்பும்வரை அனுப்பு பட்டனைச் சாம்பல் நிறத்தில் செயலற்று வைக்கிற பழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு இது பிடிப்பதில்லை. ஏன் வேலை செய்யவில்லை என்று அந்தப் பட்டன் சொல்லாது. நிரப்புகிறவர் மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்துவிட்டு, தன் போனில் ஏதோ கோளாறு என்று நினைப்பார். தொட விடுங்கள். தொட்ட பிறகு, விடுபட்ட கேள்விக்குப் பக்கத்திலேயே 'போன் நம்பரில் ஓர் எண் குறைகிறது' என்று எழுதிக் காட்டுங்கள்.

சரியாகத் தொட்டதும் பட்டன் பதில் சொல்ல வேண்டும். 'அனுப்புகிறோம்…' என்று அதன் மேலேயே சொல் மாறினால் போதும். நெட் மெதுவான இடத்தில் இது இல்லையென்றால் அதே விவரம் நான்கு முறை பதிவாகும். முகாமில் ஒரே பெயர் மூன்று தடவை வரிசையில் வந்ததற்கு இதுதான் காரணம். இன்னொன்று: வேலை நடக்க வேண்டியது விரல் படும்போது அல்ல, விரலை எடுக்கும்போது. தவறான இடத்தில் விரல் பட்டுவிட்டால் எடுக்காமலே பக்கத்தில் நகர்த்தித் தப்பிக்க அது வழி கொடுக்கிறது. எச்டிஎம்எல்லின் உண்மையான பட்டன் குறி இதைத் தானாகவே செய்யும். கீபோர்டில் டேப் அழுத்தி வந்து என்டர் தட்டினாலும் அது வேலை செய்யும். டிவ் என்ற வெறும் பெட்டிக்குப் பட்டன் வேஷம் போட்டால் இவை ஒன்றும் கிடைக்காது.

தொட வேண்டியதையே குறைக்க முடியுமா என்றும் பாருங்கள். பிறந்த வருடத்துக்கு டிராப்டவுன், அதாவது தொட்டால் விரியும் நூறு வரிப் பட்டியல் வைத்தால், 70 வயதுக்காரருக்காகக் கீழே போய்க்கொண்டே இருக்க வேண்டும். வயதை எண்ணாக அடிக்கச் சொன்னால் இரண்டு தட்டில் முடிந்தது. போன் நம்பர் பெட்டியின் வகையை டெல், அதாவது டெலிபோன், என்று குறித்தால் எண்கள் மட்டும் உள்ள பெரிய விசைப்பலகை திறக்கும். பெட்டிக்குள் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தொட்டவுடன் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும், பட்டன் திரைக்கு வெளியே ஓடிவிடும். ஆகவே 16-க்குக் குறைய வேண்டாம்.

தமிழில் பட்டன்

இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஆங்கிலப் படிவத்தை மாதிரியாக வைத்துப் பட்டனுக்கு 80 பிக்சல் அகலம், 36 பிக்சல் உயரம் என்று கட்டிப்போட்டுவிடுகிறோம். சப்மிட் என்பது ஆங்கிலத்தில் ஆறே எழுத்து. அந்த இடத்தில் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டால் பாதிச் சொல் வெளியே தொங்குகிறது, அல்லது இரண்டு வரியாக உடைந்து கீழ்வரியின் கால் வெட்டுப்படுகிறது. அகலத்தைக் கட்டிப்போடாமல் பேடிங்கை மட்டும் கொடுத்துச் சொல்லுக்கேற்ப விரிய விடுங்கள். உயரத்துக்கும் நிலையான ஹைட் கொடுக்காமல் மின்-ஹைட் என்று குறைந்தபட்ச உயரத்தை மட்டும் சொல்லுங்கள். வரி இடைவெளியை ஒன்றரை அளவுக்கு வைத்தால், வரி உடைந்தாலும் மேல்வரி கொம்பும் கீழ்வரிச் சுழியும் இடித்துக்கொள்ளாது.

சொல்லையும் யோசிக்கலாம். 'அனுப்பு' போதும்போது 'சமர்ப்பிக்கவும்' எதற்கு? பெரியவர்கள் பார்க்கும் படிவத்தில் 'அனுப்பு', 'சேமி' என்று ஒருமையில் எழுதுவது மரியாதைக் குறைவு இல்லையா என்று ஒரு பிளஸ் டூ மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: கேள்விகளிலும் குறிப்புகளிலும் பேசுவது நாம், எதிரில் இருப்பவர் வந்திருப்பவர். அங்கே 'உங்கள் பெயரை எழுதுங்கள்' என்றுதான் இருக்க வேண்டும். பட்டனில் பேசுவது அவர், கேட்பது இயந்திரம். இயந்திரத்தைப் பார்த்து அவர் 'அனுப்பு' என்கிறார். இப்படிப் பிரித்ததும் குழப்பம் தீர்ந்தது, பட்டனும் சுருக்கமானது.

'பதிவை ரத்து செய்யவா?' என்று கேட்டுவிட்டுக் கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு பட்டன் வைக்கிறார்கள். ரத்து என்றால் பதிவை ரத்து செய்வதா, ரத்து செய்வதையே ரத்து செய்வதா? 'பதிவை நீக்கு', 'வேண்டாம், இருக்கட்டும்' என்று நடப்பதைச் சொல்லிவிட்டால் கேள்வியைப் படிக்காமலே சரியானதைத் தொடலாம்.

அடுத்த முகாமுக்கு முன் படிவத்தை மாற்றினேன். சோதிக்க ஆய்வகம் எதுவும் தேவைப்படவில்லை. போனை இடது கையில் பிடித்துக் கட்டை விரலால் மட்டும் நிரப்பினேன். வெயிலில் நின்று நிரப்பினேன். எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி, பட்டன் எதுவும் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிறதா என்று பார்த்தேன். லேப்டாப்பில் மவுஸைத் தொடாமல் டேப் பட்டனாலேயே கடைசிவரை போனேன். அப்புறம் படிவத்தை ஐயாவிடமே கொடுத்து, நான் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் கேள்விக்கு வந்தபோது அவர் வட்டத்தைத் தேடவில்லை. 'இடது கண்' என்ற சொல்லின் மேலேயே கட்டை விரலை வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.